மருந்து விலையும் பேட்டன்ட்டும்: மலையிலிருந்து வந்த கேள்விகள்

கோத்தகிரியில் ஆஸ்பத்திரி மருந்தாளுநராக இருந்தேன். அப்புறம் சென்னைக்குப் போய் மருந்து பேட்டன்ட் ஆவணங்களைத் தேடிப் படிக்கும் வேலையில் பல வருடம். இப்போது மலைக்கே திரும்பிவிட்டேன். ‘காப்புரிமை’ என்ற சொல் புத்தகங்களின் பதிப்புரிமைக்கும் புழங்குவதால், குழப்பம் வேண்டாமென்று பேட்டன்ட் என்றே எழுதுகிறேன். எந்த மருந்து சாப்பிட வேண்டும் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த மருந்தைச் சுற்றியுள்ள காகிதங்களில் என்ன இருக்கிறது என்பதை நான் சொல்கிறேன்.

கூடலூர், கிராம சுகாதாரச் செவிலியர்: அக்கா, ஒரு மருந்து கிடைக்கவில்லை என்று கேட்டால் “அது பேட்டன்ட் மருந்து, விலை குறையாது” என்று சொல்லிவிடுகிறார்கள். அது உண்மையா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

பேட்டன்ட் ரகசியம் கிடையாது. ஒருவர் தன் கண்டுபிடிப்பை ஊரறிய எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாகத்தான் அரசு அவருக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் தனியுரிமை தருகிறது. அதனால் அந்தக் காகிதத்தைப் பார்க்க உங்களுக்கும் எனக்கும் உரிமை உண்டு, காசும் கட்ட வேண்டாம்.

முதலில் மாத்திரை அட்டையில் கம்பெனி வைத்த பெயரோடு அச்சடித்திருக்கும் மூலப்பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ஸ்பால் என்று ஓர் இணையத் தரவுத்தளம் இருக்கிறது. மெடிசின்ஸ் பேட்டன்ட் பூல் என்ற அமைப்பு 2016 முதல் நடத்துகிறது, இலவசம். மருந்தின் பெயரையும் ‘இந்தியா’ என்பதையும் கொடுத்தால், பேட்டன்ட் வழங்கப்பட்டதா, விண்ணப்ப நிலையில் இருக்கிறதா, நிராகரிக்கப்பட்டதா, காலாவதியா என்று காட்டும். எச்.ஐ.வி., காசநோய், ஹெபடைடிஸ் சி மருந்துகளுக்கு இதுவே பெரும்பாலும் போதும். மற்ற பல அத்தியாவசிய மருந்துகளும் அதில் உண்டு.

அங்கே கிடைக்காவிட்டால் நம் பேட்டன்ட் அலுவலகத்தின் இன்பாஸ் தேடல் பக்கம். இங்கே ஒரு சிக்கல் வரும். மருந்துக்கு மூலப்பெயர் சூட்டப்படுவதற்குப் பல வருடம் முன்பே விண்ணப்பம் போட்டிருப்பார்கள். அதனால் உள்ளே நீளமான வேதிப்பெயர்தான் இருக்கும், நீங்கள் தேடும் பெயர் இருக்காது. ‘எதுவும் இல்லை’ என்று திரை சொன்னால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்த மருந்தின் சர்வதேச விண்ணப்ப எண்ணை, உலக அறிவுசார் சொத்து அமைப்பின் தேடல் தளமான பேட்டன்ட்ஸ்கோப்பில் கண்டுபிடித்து, அந்த எண்ணை வைத்து இன்பாஸில் தேடினால் இந்திய விண்ணப்பம் சிக்கும்.

கிடைத்ததும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, உயிரோடு இருக்கிறதா. பேட்டன்ட் வைத்திருப்பவர் வருடா வருடம் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் 20 வருடம் முடியும் முன்பே காலாவதியாகிவிடும், பதிவேட்டில் அது தெரியும். இரண்டு, எதன் மேல் உரிமை கேட்டிருக்கிறார்கள். கடைசிப் பக்கங்களில் எண் போட்டு வரும் கோரிக்கைகளைப் படிக்க வேண்டும். மூல மருந்தின் மேலா, அதன் உப்பின் மேலா (மூல மருந்தை அமிலம் போன்ற ஒன்றோடு சேர்த்துச் செய்த வடிவம்), மாத்திரை செய்யும் விதத்தின் மேலா? ஒரே மருந்தைச் சுற்றி ஏழெட்டு பேட்டன்ட் இருக்கலாம். மூல மருந்தின் பேட்டன்ட் முடிந்து, மாத்திரை வடிவத்தின் பேட்டன்ட் மட்டும் மிச்சம் என்றால், அதே மூல மருந்தை வேறு விதமாகச் செய்து விற்கும் மற்ற கம்பெனிக்கு, அதாவது ஜெனரிக் கம்பெனிக்கு, வழி திறந்திருக்கிறது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆஸ்பத்திரி கேட்டபோது, வெளிநாட்டு ஆவணத்தை மட்டும் பார்த்துவிட்டு “பேட்டன்ட் இருக்கிறது, காத்திருக்க வேண்டும்” என்று எழுதிக் கொடுத்தேன். இந்தியாவில் அந்த விண்ணப்பம் எப்போதோ கைவிடப்பட்டிருந்தது. அவர்கள் மாதக்கணக்கில் வீணாகக் காத்திருந்தார்கள். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

வெலிங்டன், ராணுவத்தில் ஓய்வு பெற்றவர்: என் மருந்துக்கு 2034 வரை பேட்டன்ட் என்று அமெரிக்கப் பட்டியல் ஒன்றில் பார்த்தேன். இங்கேயும் அதுதானா?

இல்லை ஐயா. பேட்டன்ட் நாட்டுக்கு நாடு தனி. அமெரிக்காவில் கொடுத்தது இங்கே செல்லாது. இந்தியாவில் தனியாக விண்ணப்பித்து, இந்தியச் சட்டப்படி வாங்கியிருக்க வேண்டும். அங்கே கிடைத்து இங்கே நிராகரிக்கப்பட்ட மருந்துகள் நிறைய.

உதகை, ஓய்வு பெற்ற ஆசிரியர்: நான் சாப்பிடும் சுகர் மாத்திரை எம்பாகிளிஃப்ளோசின். 2025இல் திடீரென்று விலை விழுந்தது. தரம் குறைந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

அதன் பேட்டன்ட் 2025 மார்ச்சில் முடிந்தது, சார். அதுவரை மாத்திரை ஒன்று ஏறக்குறைய 60 ரூபாய். முடிந்த அதே வாரத்தில் பல கம்பெனிகள் இறங்கின, சில 10 ரூபாய்க்கும் கீழே விற்றன. தனியுரிமை போனதும் போட்டி வந்தது, விலை விழுந்தது. வேறு இரண்டு சுகர் மருந்துகளில், 2019 டிசம்பரில் வில்டாகிளிப்டினுக்கும், 2022 ஜூலையில் சிட்டாகிளிப்டினுக்கும் இதேதான் நடந்தது. உங்கள் மற்ற மாத்திரைகளின் பேட்டன்ட் எப்போது முடிகிறது என்று இப்போதே தெரிந்துகொண்டால், அடுத்த வருடச் செலவைக் கணக்குப் போடலாம். கம்பெனி மாற்றுவதாக இருந்தால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

குன்னூர், பி.ஃபார்ம் மாணவி: மேடம், பேட்டன்ட் சட்டத்தின் பிரிவு 3(டி) பற்றி வகுப்பில் ஒரு பத்தியில் முடித்துவிட்டார்கள். அது ஏன் இவ்வளவு முக்கியம்?

ஒரு பத்தியில் முடிகிற கதையில்லை அம்மா. 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் மருந்தைச் செய்யும் முறைக்குத்தான் பேட்டன்ட், மருந்துப் பொருளுக்கே கிடையாது. ஒரே மருந்தை வேறு வழியில் செய்யலாம். நம் ஜெனரிக் தொழில் வளர்ந்தது அந்த நிழலில்தான். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தால் 2005 ஜனவரி முதல் மருந்துப் பொருளுக்கும் பேட்டன்ட் கொடுக்க வேண்டி வந்தது. அப்போது நாடாளுமன்றம் போட்ட வேலிதான் 3(டி). ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புது உப்போ, புதுப் படிக வடிவமோ, குணப்படுத்தும் திறனைக் கூட்டாவிட்டால் அது கண்டுபிடிப்பே அல்ல என்கிறது.

அந்த வேலி முதலில் சோதிக்கப்பட்டது சென்னையில். இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிபின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்டிஸ் 1998இல் சென்னை பேட்டன்ட் அலுவலகத்தில் விண்ணப்பித்தது. புற்றுநோயாளிகளுக்கான ஒரு உதவிச் சங்கமும் ஜெனரிக் கம்பெனிகளும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் நிராகரிப்பு. 3(டி) அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று கம்பெனி போட்ட வழக்கை 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் பேட்டன்ட் கிடையாது என்றது. கம்பெனி மருந்து மாதம் சுமார் 1,20,000 ரூபாய், ஜெனரிக் 10,000க்குள். அந்த வித்தியாசத்தில் எத்தனை வீடுகள் தப்பித்தன என்று நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் படிக்க வேண்டிய இன்னொன்று பெடாகுயிலின், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கானது. மூலப் பேட்டன்ட் 2023 ஜூலையில் முடிய இருந்தது. அதன் ஃபியூமரேட் உப்புக்கு இன்னொரு பேட்டன்ட் கேட்டிருந்தார்கள். கிடைத்திருந்தால் தனியுரிமை 2027 வரை நீண்டிருக்கும். 2019இல் அதை எதிர்த்து மனு போட்டவர்கள் இரண்டு பெண்கள்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேஸா டிசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள், பழைய ஊசி மருந்தின் பக்கவிளைவால் காது கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இதை எழுதும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கோத்தகிரி, சிறு தேயிலை விவசாயி: அம்மா, அந்தப் பெண்கள் மாதிரி நாங்களும் மனு போட முடியுமா? இல்லை, படித்தவர்களுக்குத்தானா?

பேட்டன்ட் வழங்கப்படுவதற்கு முன் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம் அண்ணா. சட்டத்தின் 25(1) பிரிவில் ‘எந்த நபரும்’ என்றே இருக்கிறது. விண்ணப்பம் பொதுவாக 18 மாதத்தில் வெளியாகும். வெள்ளிக்கிழமைதோறும் வரும் பேட்டன்ட் இதழில் அது இருக்கும். வெளியான பிறகு ஆறு மாதமாவது பேட்டன்ட் வழங்க முடியாது, நடைமுறையில் வருடக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் மனு போட வேண்டும். வழங்கிய பிறகு என்றால் ஒரு வருடத்துக்குள், அதுவும் அந்த விஷயத்தில் நலன் உள்ளவர் மட்டும்தான்.

2024இல் விதிகளை மாற்றினார்கள். மனுவை எடுத்துக்கொள்ளலாமா என்று அதிகாரி முதலில் பார்ப்பார், முன்பு இல்லாத கட்டணமும் வந்துவிட்டது. இது நோயாளிகளுக்குச் செய்த நல்லது என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் வழி அடைபடவில்லை. “விலை அதிகம்” என்பது மட்டும் ஒரு வாதமாக நிற்காது. “இது முன்பே தெரிந்தது, இதோ இந்த வருடத்து ஆவணம்” என்று காட்ட வேண்டும். அதற்கு ஒரு வேதியியல்காரர், ஒரு வக்கீல், ஒரு நோயாளி மூவரும் சேர வேண்டும். நம் பகுதிக்கான பேட்டன்ட் அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

பந்தலூர், ஒரு தாய்: என் மகனுக்கு சிக்கிள் செல் என்ற பரம்பரை இரத்த நோய். ஹைட்ராக்சியூரியா மாத்திரை சில மாதம் கிடைப்பதில்லை. அதற்கும் பேட்டன்ட்தான் காரணமா?

இல்லை தங்கச்சி. ஹைட்ராக்சியூரியா 1869இலேயே ஆய்வகத்தில் செய்யப்பட்ட பொருள், யாருடைய தனியுரிமையும் அதன் மேல் இல்லை. விலையும் பெரிதில்லை. கிடைக்காததற்குக் காரணம் வாங்கி வைப்பதிலும் மலைக்குக் கொண்டு வருவதிலும் இருக்கிறது. எத்தனை குழந்தைகளுக்கு எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு கீழேயிருந்து சரியாகப் போகாவிட்டால், மேலேயிருந்து மருந்து வராது. இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலாகப் பதிவானதே 1952இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். இத்தனை வருடம் கழித்தும் ஒரு பழைய மாத்திரைக்கு நம் குழந்தைகள் காத்திருக்கக் கூடாது. சுகாதார நிலையத்தில் எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது இருக்கிறது என்று அதிலேயே குறிப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: குழந்தைக்கு அளவு குறைக்க வேண்டுமென்று கேப்ஸ்யூலை வீட்டில் பிரிக்காதீர்கள். அந்தத் தூளை வெறும் கையால் தொடக் கூடாது, கர்ப்பிணிகள் அருகிலேயே இருக்கக் கூடாது. எப்படிக் கொடுப்பது என்று மருந்தாளுநரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கூடலூர் பக்கம், அரசு மருத்துவர்: பேட்டன்ட் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறது, விலையும் எட்டாது என்றால் அரசால் என்ன செய்ய முடியும்?

பேட்டன்ட் வழங்கி மூன்று வருடம் ஆன பிறகு, பிரிவு 84இன்படி வேறு கம்பெனி கட்டாய உரிமம் கேட்கலாம், அதாவது பேட்டன்ட்காரர் சம்மதிக்காவிட்டாலும் அந்த மருந்தைச் செய்ய அனுமதி. மக்களின் தேவை நிறைவேறவில்லை, நியாயமான விலையில் கிடைக்கவில்லை, இந்தியாவில் பேட்டன்ட் பயன்படுத்தப்படவில்லை, இந்த மூன்றில் ஒன்று போதும். 2012 மார்ச் 9 அன்று பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்தான சொராஃபெனிபுக்கு நாட்கோ என்ற இந்தியக் கம்பெனி அப்படி வாங்கியது. மாதம் 2,80,428 ரூபாயாக இருந்த மருந்து 8,880 ஆனது, பேட்டன்ட்காரருக்கு 6 சதவீதம் ராயல்டி, பின்னால் 7 ஆக்கப்பட்டது. இந்தியா கொடுத்த கட்டாய உரிமம் அது ஒன்றுதான். சட்டத்தில் இருக்கும் கதவை அதற்கப்புறம் திறக்கவே இல்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம் டாக்டர். பிரிவு 47இன்படி அரசு ஆஸ்பத்திரிகளுக்காக பேட்டன்ட் மருந்தை அரசே இறக்குமதி செய்யலாம். பிரிவு 100இன்படி அரசு தன் தேவைக்குப் பயன்படுத்தலாம். ஆஸ்பத்திரி மருந்துப் பட்டியலில் ஒரு மருந்து வேண்டுமென்று நீங்கள் எழுதும்போது, அதன் இந்தியப் பேட்டன்ட் நிலையையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

நடுவட்டம், கல்லூரி மாணவர்: எங்கள் ஊர் சிங்கோனா தோட்டத்தில் கொய்னா மருந்து செய்தார்கள் என்று தாத்தா சொல்வார். எங்கள் மலை மூலிகை அறிவை யாராவது பேட்டன்ட் எடுத்துவிட முடியுமா?

தாத்தா சொன்னது சரி. 1860களில் இங்கே சிங்கோனா நட்டார்கள், மலேரியாவுக்கான கொய்னாவை அரசே செய்தது. அரசு தோட்டமும் அரசு தொழிற்சாலையும் ஒரு மருந்தை மலிவாக்க முடியும் என்பதற்கு உங்கள் ஊரே சாட்சி. மூலிகை விஷயத்துக்கு வருகிறேன். பாரம்பரிய அறிவுக்கு பேட்டன்ட் கிடையாது என்று பிரிவு 3(p) சொல்கிறது. இந்திய மூலிகையை வைத்து பேட்டன்ட் கேட்டால் சென்னையில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தையும் அணுக வேண்டும். மஞ்சள் காயம் ஆற்றும் என்று அமெரிக்காவில் 1995இல் கொடுத்த பேட்டன்ட்டை, பழைய நூல்களைக் காட்டி 1997இல் நம்மவர்கள் ரத்து செய்ய வைத்தார்கள். எழுதி வைத்தது இருந்ததால்தான் அது முடிந்தது.

மஞ்சூர், மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர்: அக்கா, எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, சிக்னலும் சரியில்லை. நான் என்ன செய்ய முடியும்?

தேடுவதை என்னிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் ஒரு நோட்டுப் போடுங்கள். மருந்தின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், அட்டையில் போட்ட விலை, எந்த மாதம் கிடைக்கவில்லை, காசில்லாமல் எத்தனை பேர் நிறுத்தினார்கள். நோயாளியின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். ‘நியாயமான விலையில் கிடைக்கவில்லை’ என்பதை வழக்கில் நிரூபிக்க இந்தக் கணக்குதான் வேண்டும். சென்னையில் உட்கார்ந்து ஆவணம் படிப்பவர் யாரிடமும் அது இருக்காது. இன்னொன்று, அட்டையைப் பாதியாக வெட்டி மாத்திரை கொடுக்கும்போது, மூலப்பெயர் அச்சடித்த பக்கம் நோயாளியின் கையில் போகிற மாதிரி வெட்டச் சொல்லுங்கள்.