அப்பாவின் ஜாவாவை அறுக்கலாமா?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். கோலார் தங்கவயல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா 1972இல் வாங்கிய ஜாவா 250 பைக் இப்போது என்னிடம் இருக்கிறது. அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. உயில் இல்லை. ஆர்.சி. அவர் பெயரில்தான் இருக்கிறது, 2022இல் அவரே புதுப்பித்தார். இன்ஷூரன்ஸையும் அவர் பெயரிலேயே ஆன்லைனில் கட்டி வருகிறேன். பின்னால் இரட்டை ஷாக் அப்சார்பர் வைத்த அந்தக் காலத்து ட்ரயல்ஸ் (காலை ஊன்றாமல் பாறை ஏறும் போட்டி) பைக்குகள் மேல் எனக்கு உயிர். ஜாவாவின் சேசிஸை அறுத்து அப்படி மாற்றித் தர ஒரு மெக்கானிக் தயார். ஓசூரில் இருக்கும் அக்கா ‘அப்பா வண்டியில் கை வைக்காதே’ என்று சண்டை போடுகிறார். செய்யலாமா? இல்லாவிட்டால், நண்பர் ஒருவர் 1970களின் ஸ்பெயின் ட்ரயல்ஸ் பைக்கான புல்டாக்கோ ஷெர்ப்பா ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார், ஆனால் பேப்பர் எதுவும் இல்லை. அதையாவது வாங்கலாமா?

பதில்: மெக்கானிக்குக்கு இன்றே போன் போட்டு வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும் சரிசெய்யலாம். அறுத்த சேசிஸை மட்டும் சட்டத்தின் முன் பழையபடி ஆக்க முடியாது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்து ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. மீறினால் 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அறுக்கும்போது சேசிஸ் எண் இருக்கும் இடம் கிரைண்டரில் தேய்ந்துபோனால் வழக்கின் முகமே மாறிவிடும். அப்புறம் அது திருட்டு வண்டி இல்லை என்று நீங்கள்தான் சொல்லிக்கொண்டு அலைய வேண்டும்.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர வண்டி அதில் வரும். ஆனால் சேசிஸிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. உங்கள் ஜாவா 2022இலேயே அந்த வயதைத் தாண்டிவிட்டது. மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1973இல் தன் வண்டிகளின் பெயரை யெஸ்டி என்று மாற்றுவதற்குச் சற்று முன் வந்த வண்டி அது. அதை அறுத்துப் போட எனக்கே மனசு வராது.

அந்தப் பதிவை இப்போதே வாங்கச் சொல்லவில்லை. பழம்பெரும் வாகனமாகப் பதிந்தால் காட்சிக்கும் ராலிக்கும் பராமரிப்புக்கும் பெட்ரோல் போடவும்தான் சாலையில் எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. அப்பா புதுப்பித்து வைத்த சாதாரண ஆர்.சி. 2027 வரை செல்லும். அதை விடாதீர்கள்.

சரி, வண்டி யாருடையது? இங்கே அக்கா பக்கம் சட்டம் நிற்கிறது. உயில் இல்லாததால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நீங்கள் மூவருக்கும் சம பங்கு (அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு). தங்கவயலில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. நீங்கள் அப்படியென்றால் அப்பாவின் மனைவி என்ற முறையில் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. இரண்டு பிள்ளைகள் என்பதால் உங்கள் மூவருக்கும் கணக்கு அதேதான். மூவருக்குச் சொந்தமான பொருளை ஒருவர் மட்டும் முடிவெடுத்து அறுக்க முடியாது.

ஆர்.சி.யை மாற்ற, நாடகச்சேரியில் (கர்நாடக வருவாய்த் துறையின் உள்ளூர் அலுவலகம்) வாரிசுகளைக் காட்டும் வம்ச விருட்சச் சான்று வாங்குங்கள். இறப்புச் சான்று, அம்மாவும் அக்காவும் ஆட்சேபம் இல்லை என்று தரும் பிரமாணப் பத்திரங்கள், ஆர்.சி., வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கும் படிவம் 31 இவற்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள். இறந்த 30 நாளுக்குள் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்திருக்க வேண்டும். தாமதமானதற்குப் பணம் கட்ட வேண்டிவரும், ஆனால் உரிமை போய்விடவில்லை. இவ்வளவு பழைய வண்டி பல நேரம் அரசின் ‘வாகன்’ என்ற வாகனப் பதிவு இணையதளத்தில் ஏறியே இருக்காது. எண்ணைப் போட்டுப் பாருங்கள், வரவில்லை என்றால் முதலில் பழைய பதிவை ஏற்றச் சொல்லி மனு கொடுங்கள். அக்காவிடம் கையெழுத்து கேட்கும்போதே ‘சேசிஸைத் தொடமாட்டேன்’ என்று எழுதிக் கொடுங்கள். சண்டை அங்கேயே பாதி அடங்கிவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் பயமுறுத்தியது இன்ஷூரன்ஸ். பாலிசிதாரர் இறந்தால், இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் அல்லது பாலிசி முடியும் நாள், இதில் எது முந்துகிறதோ அதுவரைதான் அந்த பாலிசி செல்லும். அதற்குப் பிறகு இறந்தவர் பெயரில் நீங்கள் கட்டிய பணத்துக்கு ரசீது இருக்கும், பாதுகாப்பு இருக்காது. நீங்கள் யார் மேலாவது மோதிவிட்டால், கம்பெனி முதலில் எடுக்கும் ஆயுதம் இதுதான். உரிமையாளர் ஓட்டும்போது கிடைக்கும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பும் ஆர்.சி. உங்கள் பெயரில் இல்லாமல் உங்களுக்கு வராது. ஆர்.சி. மாறி, உங்கள் பெயரில் பாலிசி எடுக்கும்வரை வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள்.

புது பாலிசி வந்ததும் ‘பயன்பாட்டு வரம்பு’ பகுதியைப் படியுங்கள். பொடி எழுத்தில் பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்குப் பக்கத்திலேயே ‘ரிலையபிலிட்டி ட்ரயல்ஸ்’ என்று இருக்கும். அவற்றுக்குக் காப்பு இல்லை. காலை ஊன்றாமல் பாறை ஏறும் உங்கள் விளையாட்டில் வேகமே கிடையாது, ஒருமுறை கால் பட்டால் ஒரு புள்ளி போகும், அவ்வளவுதான் என்று நாம் வாதாடலாம். ஆனால் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கம்பெனி வருடக்கணக்கில் இழுக்கும். போட்டி என்றால் ஏற்பாட்டாளர் தனியாக எடுத்திருக்கும் காப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கே ஓட்டுவது என்பதும் முக்கியம். பொதுமக்கள் உரிமையோடு வந்துபோகும் இடம் எல்லாமே சட்டத்தில் ‘பொது இடம்’, தார் ரோடு என்று இருக்க வேண்டியதில்லை. துரஹள்ளி மாதிரி காட்டுப் பகுதிக்குள் பைக்கோடு போனால் வனத்துறை வண்டியைப் பிடித்துவிடும். ஊர்ப் பாசத்தில் தங்கவயலில் தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டில் ஏற நினைத்தால் அதுவும் வேண்டாம். இடம் உங்களுடையது இல்லை, அங்கே பறக்கும் தூசும் நல்லதில்லை. நண்பரின் தோட்டம் என்றால் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி புல்டாக்கோ. 1965இல் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரயலை சாமி மில்லர் ஜெயித்த வண்டி ஷெர்ப்பா. உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இறக்குமதி வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி ஆவணம்) வேண்டும். அது இல்லாவிட்டால் பதிவும் இல்லை, சுங்கச் சட்டத்தின் 111ஆவது பிரிவில் பறிமுதல் ஆபத்தும் உண்டு. நண்பரிடம் அந்தத் தாளைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்கும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

ட்ரயல்ஸுக்கு முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலச் சக்கரம் வேண்டும். ஜாவாவுக்கு இரண்டும் 16. எவ்வளவு அறுத்தாலும் அது நல்ல ட்ரயல்ஸ் வண்டி ஆகாது. இங்கே பதிவான, பேப்பர் சுத்தமான வேறு வண்டி ஒன்றைப் பார்த்து, தோட்டத்தில் மட்டும் பழகுங்கள். ஜாவாவின் ஆர்.சி.யில் இருக்கும் 2027 தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு 60 நாள் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம்.