ஆர்எக்ஸ்100: கேஸ் போல்ட் இறுக்கியதும் கிராங்க் ஏன் டைட் ஆகிறது?

யமஹா ஆர்எக்ஸ்100 பைக் இன்ஜினில் புது பேரிங் போட்டு கேஸை (இன்ஜினின் கீழ்க்கூடு) மூடியதும் கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) கையால் சுற்ற வரவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் சுத்தியல் வேலைதான் காரணம். இந்த கிராங்க் ஒரே துண்டு இல்லை. இரண்டு வெப் (கனமான வட்டத் தட்டு), அவற்றை இணைக்க நடுவில் அழுத்திச் செருகிய ஒரு பின் (ஊசித்தண்டு). தண்டு முனையில் ஓங்கி அடித்தால் வெப் விலகி, அலைன்மென்ட் போய்விடும். லேத் கடையில் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள், ஆட்டம் 0.03 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

பேரிங்கையும் அடித்து இறக்காதீர்கள். அலுமினிய கேஸை 100 டிகிரி வரை சூடாக்குங்கள். தண்ணீர் தெளித்தால் சொய்ங்கென்று பொரிய வேண்டும். பேரிங் உட்காரும் 52 மி.மீ. துளை அப்போது சுமார் 0.08 மி.மீ. விரியும். ஃப்ரீசரில் வைத்த பேரிங் தானாகவே உள்ளே உட்காரும். அடங்காவிட்டால் வெளி ரேஸில் (பேரிங்கின் வெளி வளையம்) மட்டும் தட்டுங்கள், உள் ரேஸில் அடித்தால் பால்கள் பள்ளம் போட்டுவிடும். கிராங்கை புல்லரால் இழுத்து ஏற்றுங்கள் (டூல் வாடகைக்குக் கிடைத்தாலும் சரி).

அலைன்மென்ட் சரி, இன்னும் டைட் என்றால் பேரிங்கில் பக்க அழுத்தம் நிற்கிறது. நைலான் சுத்தியலால் தண்டின் இரு முனையிலும் மெல்லத் தட்டினால் விடுபடும். ஆயில் சீலை (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கேஸ் ஆறிய பிறகுதான் போட வேண்டும், அதன் உள் விளிம்பில் கிரீஸ் தடவி.