பாசி தின்னும் நத்தையின் ஓடு வெளுத்துக் குழி விழுவது ஏன்?

மீன் தொட்டிக் கண்ணாடியில் இருந்த பாசி குறைந்துவிட்டது, ஆனால் நெரைட் நத்தையின் ஓடு வெளுத்துக் குழி விழுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. பிஎச் அளவு (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 7-க்குக் கீழே இறங்கினால் தண்ணீரே ஓட்டை அரிக்கும். சுழியின் நடுவில்தான் முதலில் வெள்ளை தெரியும், ஏனென்றால் ஓட்டின் மிகப் பழைய பகுதி அதுதான். கால்சியம் தரும் கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றை வடிகட்டியில் போட்டு வையுங்கள். அரித்த இடம் பழையபடி ஆகாது. ஆனால் வாயோரம் புதிதாக வளரும் ஓடு உறுதியாக வரும்.

அப்புறம், பசி. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கண்ணாடி பளிச்சென்று இருந்தால் நத்தைக்குச் சாப்பாடு தீர்ந்துவிட்டது என்று பொருள். வெந்நீரில் வாட்டிய வெள்ளரித் துண்டை இரவில் போட்டு, காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கண்ணாடியில் ஊரும்போது உற்றுப் பாருங்கள்: சின்ன வாய் திறந்து திறந்து மூடி, அரம்போன்ற நாக்கால் சுரண்டுவது தெரியும். அப்படியே பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவு அழகு!

மீன்களுக்கு மருந்து ஊற்றுமுன் அதில் செம்பு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். செம்பு நத்தையைக் கொன்றுவிடும். மல்லாந்து கிடந்தால் நீங்களே திருப்பி விடுங்கள், சில நத்தைகளால் தாமாகப் புரள முடியாது. கல்லில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளிகள் முட்டைகள்தான். நன்னீரில் அவற்றிலிருந்து குஞ்சுகள் பிழைத்து வளராது, அதனால் தொட்டி நிரம்பிவிடும் என்ற பயம் வேண்டாம்.