தண்டனை, தெண்டம், ரிமாண்ட்: கோர்ட் சொற்கள் பற்றிக் கேள்வி பதில்

(தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கோர்ட்டுகளில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சொற்களைப் பற்றிக் கேளுங்கள். சொந்த வழக்கைக் கொண்டுவராதீர்கள்.)

காரிமங்கலம்: என் சித்தப்பா மகனை 15 நாள் ரிமாண்ட் செய்துவிட்டார்கள். 15 நாள் தண்டனை முடிந்ததும் விட்டுவிடுவார்களா சார்?

அது தண்டனையே இல்லை தம்பி, நீதிமன்றக் காவல். 15 நாள் என்பது அடுத்த நீட்டிப்புக்கான கெடு, அவ்வளவுதான். ஜாமீன் வாங்காவிட்டால் நீண்டுகொண்டே போகும். வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் கேட்பது அவர் உரிமை. இப்போதைக்கு அவர் விசாரணைக் கைதி. குற்றவாளி என்று தீர்ப்பு வந்த பிறகுதான் தண்டனைக் கைதி. தயவுசெய்து ஊரில் "தண்டனை வாங்கினவன்" என்று பேச விடாதீர்கள்.

கிருஷ்ணகிரி கல்லூரி மாணவி: தண்டனைக்குத் தூய தமிழ்ச் சொல் உண்டா ஐயா?

ஒறுத்தல். நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்" என்று செங்கோன்மை அதிகாரத்தில் வருகிறது. கொடியவரை அரசன் ஒறுப்பது பயிரைக் காக்கக் களை பறிப்பதற்குச் சமம் என்கிறார் வள்ளுவர். ஆனால் அவரே தண்டம் என்ற சொல்லையும் ஒதுக்கவில்லை. "கடுமொழியும் கையிகந்த தண்டமும்" அரசனின் வலிமையைத் தேய்க்கும் அரம் என்று வேறொரு குறள். கையிகந்த என்றால் அளவு மீறிய. ஆக, 'தண்டம் வடசொல், விட்டுவிடு' என்று யாராவது வந்தால் திருக்குறளைக் காட்டுங்கள்.

ஒறுத்தலுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் 'ஒறுத்தல்' செய்வார்கள். அது தன்னைத்தானே வருத்திக்கொள்வது. இன்றைய தீர்ப்புகளில் ஒறுத்தல் வராது, தண்டனைதான். தேர்வில் எழுதுங்கள், மனுவில் எழுதாதீர்கள்.

ஓசூர்: ஹெல்மெட் இல்லாமல் பிடித்து 1000 ரூபாய் வாங்கினார்கள். பாஸ்போர்ட் விசாரணையில் 'தண்டனை பெற்றவர்' என்று வருமா?

வராது. வழக்கு கோர்ட்டுக்குப் போகாமல் முடித்துக்கொள்ளக் கட்டிய பணம் அது. அடுத்த முறை ஹெல்மெட் போடுங்கள்.

ஊத்தங்கரை: ஆயுள் தண்டனை என்றால் 14 வருடம்தானே?

இல்லை. ஆயுள் என்றால் ஆயுள், உயிர் உள்ளவரை. உச்ச நீதிமன்றம் 1961லேயே சொல்லிவிட்டது. 14 என்ற எண் எங்கிருந்து வந்தது? தூக்கும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் வாங்கியவரை, அரசு தண்டனையைக் குறைத்து விடுவிப்பதானால் 14 வருடமாவது உள்ளே இருந்திருக்க வேண்டும். அது குறைந்தபட்ச வரம்பு. 14 முடிந்த மறுநாள் கதவு தானாகத் திறக்காது. அரசியல் சாசனம் 161ஆம் பிரிவில் ஆளுநருக்கு உள்ள அதிகாரத்தை இந்த 14 கட்டுப்படுத்தாது, அது தனி.

நம் ஊர் வழக்கிலேயே எல்லாச் சொல்லும் இருக்கிறது. 2000 பிப்ரவரி 2 அன்று இலக்கியம்பட்டியில் பஸ்ஸை எரித்ததில் வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் இறந்தார்கள். 2007ல் சேலம் நீதிமன்றம் மூவருக்குத் தூக்கு விதித்தது. 2010ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2016ல் அதே உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில் முன்விடுதலை. தண்டனைக் குறைப்பு வேறு, முன்விடுதலை வேறு, குற்றமற்றவர் என்று விடுவிப்பது வேறு. மூன்றையும் ஒன்றாக்கி 'நிரபராதி என்று விட்டுவிட்டார்கள்' என்று பேசுகிறார்கள். அந்த வழக்கில் அப்படி எந்தத் தீர்ப்பும் இல்லை.

பர்கூர்: என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். இந்தத் தண்டனைக்கு அப்பீல் உண்டா?

விசாரணை முடியும் வரை பணியிடை நீக்கம் தண்டனை இல்லை ஐயா. அதனால்தான் பிழைப்பூதியம் தருகிறார்கள். கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம், பணி நீக்கம் இவையெல்லாம் தண்டனை. அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஏ)வில் குற்றச்சாட்டு வந்தால் சிறு தண்டனையில் முடியும், 17(பி) என்றால் பெரிய தண்டனை வரலாம், கவனமாக இருங்கள். மற்றதை உங்கள் சங்கத்தில் கேளுங்கள்.

பாலக்கோடு ஆசிரியை: முட்டி போட வைப்பது, தோப்புக்கரணம் இவை தண்டனையில் சேருமா?

சேரும். கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்கிறது. செய்யாதீர்கள் அம்மா.

பென்னாகரம்: ராகிக் கொல்லையில் மாடு மேய்ந்தால் எங்கள் ஊரில் கூட்டம் போட்டு, அன்றே தெண்டம் கட்ட வைத்து, அன்றே தீர்த்துவிடுவோம். கோர்ட்டில் வருஷக்கணக்காக இழுக்கிறீர்கள். எது நல்லது?

மாடு மேய்ந்த பயிருக்கு ஈடு பேசிக் கொடுத்தால் அது இழப்பீடு. நஷ்டப்பட்டவர் கைக்குப் போகிறது, யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அதைத் தாண்டி ஊருக்கென்று தெண்டம் கட்டச் சொல்லும் இடத்தில்தான் சிக்கல்.

ஓசூர் (வேறொருவர்): மாடு மட்டுமா? சாதி மாறிக் கல்யாணம் செய்த பெண்ணின் குடும்பத்துக்கும் அதே கூட்டம்தான் தெண்டம் போடுகிறது. கட்டாவிட்டால் ஊரை விட்டுத் தள்ளிவைக்கிறது.

பென்னாகரம்: அது எங்கோ ஒன்றிரண்டு. வாச்சாத்திக்குத் தீர்ப்பு வர எத்தனை வருடம் ஆனது, அதைச் சொல்லுங்கள்.

சொல்கிறேன். வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்தில் வனத்துறை, போலீஸ் ஆட்கள் புகுந்து மக்களை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த சம்பவம் 1992 ஜூன் 20. தர்மபுரி செஷன்ஸ் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29. பத்தொன்பது வருடம். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோனார்கள். தாமதத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள். உங்கள் ஊர்க்கூட்டம் ஒரு ரேஞ்சருக்குத் தெண்டம் போட்டிருக்குமா? கூட்டத்தின் தெண்டம் எப்போதும் கீழே இருப்பவன் மேல்தான் விழும்.

அபராதத்துக்கும் இழப்பீட்டுக்கும் உள்ள வித்தியாசமும் அந்த வழக்கிலேயே இருக்கிறது. அபராதம் அரசு கஜானாவுக்குப் போகும். அதில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவருக்குத் தர கோர்ட் உத்தரவிடலாம். வாச்சாத்தியில் 2023ல் உயர் நீதிமன்றம் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் தரச் சொன்னது, அதில் 5 லட்சத்தைத் தண்டிக்கப்பட்டவர்களிடம் வசூலிக்கச் சொன்னது. அது இழப்பீடு.

கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே சொல்லியாயிற்று. பட்டியலின, பழங்குடியினரை மற்றவர் ஊர் விலக்கு செய்தால் வன்கொடுமைச் சட்டத்தில் தனிக் குற்றம்.

பென்னாகரம்: பெரியவர்கள் சொன்னால் கேட்பது தப்பா?

சொல்வது தப்பில்லை. கட்டாதவன் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்துவது தப்பு. இந்தப் பேச்சு இத்தோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மத்தூர்: குண்டாஸில் ஒரு வருடம் தண்டனை என்கிறார்களே?

தண்டனை இல்லை! தடுப்புக் காவல். தீர்ப்பே இல்லாமல் அதிகபட்சம் 12 மாதம். குண்டாஸ் என்பது 1982ஆம் வருடத்துக் குண்டர் தடுப்புச் சட்டம். காரிமங்கலத்தாருக்குச் சொன்னதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

அரூர்: கடுங்காவல், மெய்க்காவல் என்ன வித்தியாசம்?

கடுங்காவலில் உள்ளே வேலை செய்தாக வேண்டும். மெய்க்காவலில், வெறுங்காவல் என்றும் சொல்வார்கள், கட்டாய வேலை கிடையாது. "ஏககாலத்தில் அனுபவிக்க" என்று தீர்ப்பில் இருந்தால் 3 வருடமும் 2 வருடமும் சேர்ந்து 5 ஆகாது, 3தான். விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாளும் கழியும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவையும் ஒரு தண்டனை.

தேன்கனிக்கோட்டை: ஆயுள் என்றால் 14 வருடம் என்று வக்கீலே சொன்னாரே?

ஊத்தங்கரைக்குச் சொன்ன பதில் மேலே இருக்கிறது.

பாப்பிரெட்டிப்பட்டி: என் மேல் ஒரு செக் கேஸ் இருக்கிறது. எவ்வளவு தண்டனை வரும்?

சொந்த வழக்கு வேண்டாம் என்றேன். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. 15100க்கும் அழைக்கலாம்.