கடையில் நிற்கும்போதே ஒரு கிரிக்கெட் பேட் நன்றாக அடிக்குமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பலரும் முதலில் எண்ணுவது பேட்டின் முகத்தில் நீளவாக்கில் தெரியும் கிரெயின் கோடுகளைத்தான். ஒரு கோடு என்பது பேட் செய்யப் பயன்படும் வில்லோ மரத்தின் ஓராண்டு வளர்ச்சி. கோடுகள் நெருக்கமாக இருந்தால் பேட் சீக்கிரம் பழகிவிடும், ஆனால் ஆயுள் பொதுவாகக் குறைவு. ஆறேழு கோடு உள்ள பேட் பழகக் கொஞ்சம் நாளாகும், அப்புறம் நீண்ட காலம் உழைக்கும். பத்துப் பன்னிரண்டு கோடு இருக்கிறது என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அது பெரும்பாலும் அழகுக்கான விலை.

உண்மையைச் சொல்வது பந்து எகிறும் விதம்தான். பழைய லெதர் பந்தையோ மரச் சுத்தியலையோ கேளுங்கள். கைப்பிடியை இறுக்காமல் பிடித்துக்கொண்டு, அடிமுனையிலிருந்து மேலே வரை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல பேட்டில் பந்து தானாகத் துள்ளும், கைக்கு அதிர்வே வராது. அப்படித் துள்ளும் இடம் எவ்வளவு அகலமாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மந்தமான சத்தம் வந்தால் பேட்டை வைத்துவிடுங்கள். புது பேட் இன்னும் இறுகாமல் இருக்கும் என்பதால், ஒரே மாதிரி மூன்று நான்கை அடுத்தடுத்துத் தட்டி ஒப்பிடுவதே சரி.

தடித்த விளிம்பைப் பார்த்து மயங்க வேண்டாம். 2017 முதல் விதிப்படி விளிம்பு 40 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. அதோடு, அதே எடையில் விளிம்பு தடித்தால் வேறெங்கோ மரம் குறைந்திருக்கும்.

கடைசியாக, கைப்பிடியின் மேல்பகுதியைப் பிடிக்கும் கையால் மட்டும் தூக்கி ஒரு டிரைவ் ஆடிப் பாருங்கள். தராசில் 1,200 கிராம் காட்டும் இரண்டு பேட்டுகளில் ஒன்று கையில் இறகு மாதிரி இருக்கும். அதை எடுங்கள்.