வாசகர் கேள்வி பதில்: மசாலா கடலையில் காரம் ஒட்டவே மாட்டேன் என்கிறதே!

அக்கா, பெண்ணுடைய பிறந்தநாளை வீட்டிலேயே வைக்கிறோம், ஐம்பது பேர் வருவார்கள். கார வேர்க்கடலையை நானே வறுத்து வைக்க ஆசை. ஆனால் மிளகாய்த்தூள் ஒன்று கருகிவிடுகிறது, இல்லை கடலையில் ஒட்டாமல் அடியில் தங்கிவிடுகிறது. கடலைமாவில் புரட்டி எண்ணெயில் பொரிப்பது வேண்டாம்.
– வாசகி, பாலக்கோடு

தாராளமாகச் செய்யலாம்மா, பொரிக்கவே வேண்டாம். அடுப்பு எரியும்போது தூள் போட்டால் கருகும், கடலை ஆறிய பிறகு போட்டால் ஒட்டாது. அடுப்பை அணைத்திருக்க வேண்டும், கடலை கை பொறுக்காத சூட்டில் இருக்க வேண்டும், அந்த நேரத்தில்தான் தூள் விழ வேண்டும்.

ஐம்பது பேருக்கு ஒன்றரை கிலோ போதும், ஆளுக்கு ஒரு கைப்பிடி வரும். முதலில் அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் உப்பைக் கரைத்து, கடலை மேல் தெளித்துப் பிசறி, கால் மணி நேரம் விட்டு, துணியில் பரப்பி நன்றாகக் காய விடுங்கள். உப்பு உள்ளே இறங்கிவிடும், கடையில் வாங்குவதில் வரும் ருசி அதுதான். அப்புறம் இரும்பு வாணலியில், சிறு தீயில், கால் கிலோ கால் கிலோவாக வறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் அடியில் இருப்பது கருகும், மேலே இருப்பது பச்சையாகவே நிற்கும். ஒரு ஈடுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிஷம் ஆகும், அவசரப்பட்டுத் தீயை ஏற்றாதீர்கள். தோல் வெடித்து, ஒன்றை உடைத்தால் உள்ளே வெளிர் பொன்னிறம் தெரியும்போதே இறக்கிவிடுங்கள். இறக்கிய பிறகும் உள்சூட்டில் அது வெந்துகொண்டுதான் இருக்கும், நல்ல சிவப்பு வரட்டும் என்று காத்திருந்தால் கசந்துவிடும்.

எல்லா ஈடும் முடிந்ததும் அதே வாணலியில் ஐந்து ஸ்பூன் கடலை எண்ணெய் ஊற்றி, தோலோடு தட்டிய பூண்டும் இரண்டு கைப்பிடி கறிவேப்பிலையும் மொறுமொறுவென்று ஆகும்வரை விட்டு, கடலை முழுவதையும் கொட்டி ஒரு தரம் சூடேற்றி அடுப்பை அணையுங்கள். அரை நிமிஷம் பொறுத்து ஆறு ஸ்பூன் மிளகாய்த்தூள், கொஞ்சம் மஞ்சள்தூள், பெருங்காயத்தூள் தூவிக் குலுக்குங்கள். தூள் நைசாக இருக்கட்டும், கரகரப்பாக இருந்தால் உதிரும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள்.

பிறந்தநாள் என்றால் வாண்டுகளும் வருவார்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் கைக்கு முழுக் கடலை போகவே கூடாது, மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். கிண்ணத்தை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

எலுமிச்சை பிழிந்து டப்பாவில் போட்டு வைத்தேன், மறுநாளே நமுத்துப் போய்விட்டது. புளிப்பு இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள்.
– வாசகர், காவேரிப்பட்டினம்

சாறுதான் காரணம், ஈரம் பட்ட கடலை மொறுமொறுப்பாக இருக்காது. மாம்பழ ஊரில் இருக்கிறீர்கள், காற்றில் விழும் பிஞ்சு மாங்காயைச் சீவி வெயிலில் சுக்காகக் காயவைத்துப் பொடித்துக்கொள்ளுங்கள், மிளகாய்த்தூளோடு அதையும் கலந்தால் புளிப்பும் வரும், ஈரமும் சேராது. எலுமிச்சை, வெங்காயம், கொத்தமல்லி எல்லாம் பரிமாறும் நேரத்தில் மட்டும். சூட்டோடு மூடி போடாதீர்கள், ஆவி உள்ளேயே தண்ணீராகிவிடும். நமுத்துப் போனதைக் கொட்டிவிட வேண்டாம், சிறு தீயில் சில நிமிஷம் புரட்டி ஆறவிட்டால் திரும்ப மொறுமொறுப்பாகிவிடும்.

ஓவனில் முந்திரி, பாதாம், கடலை மூன்றையும் ஒன்றாக வறுக்கலாமா?
– வாசகி, ஓசூர்

தனித்தனித் தட்டில் வையுங்கள். 160 டிகிரியில் முந்திரி பத்து நிமிஷத்திற்குள் சிவந்துவிடும், பாதாமுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். நடுவில் ஒரு தரம் கிளறிவிட்டு, வெளியே எடுத்த சூட்டோடு மசாலாவில் ஒன்றாகப் புரட்டுங்கள்.

எங்கள் காட்டுக் கடலை, அறுவடை சமயத்தில் மழையில் நனைந்து சிலதில் பூசணம் பிடித்திருக்கிறது. நன்றாக வறுத்தால் சரியாகிவிடுமா?
– வாசகர், அரூர்

ஆகாது, தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை விடும், கல்லீரலைக் கெடுப்பது அது. வறுக்கும் சூட்டில் அது முழுதாக அழியாது, கழுவினாலும் போகாது, மிளகாயும் பூண்டும் வாடையைத்தான் மறைக்கும். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கைச் சோதித்துத்தான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். அதனால் மாட்டுக்காவது போடலாம் என்றும் நினைக்காதீர்கள், பாலில் இறங்கி உங்கள் பிள்ளைகளிடமே வந்து சேரும். பச்சையாகவோ கருப்பாகவோ நிறம் மாறியது, சுருங்கியது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் உரித்தவுடனே பொறுக்கிப் புதைத்துவிடுங்கள். வறுத்த பிறகு ஒன்று வாயில் கசந்தாலும் துப்பிவிடுங்கள், விழுங்க வேண்டாம். அடுத்த தடவை காயைக் குவித்து வைக்காமல் பரப்பிக் காயவையுங்கள், உலுக்கினால் உள்ளே பருப்பு கடகடவென்று ஆடும், அதற்குப் பிறகு மூட்டை கட்டினால் போதும்.