ஆற்றுவாயை எப்போது வெட்டுவது?

வணக்கம் அண்ணா,

நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். நிலைபேறான அபிவிருத்தி என்று கருத்தரங்கு, மரநடுகை எல்லாம் நடக்கிறது. ஐ.நா.வின் 17 இலக்குகளையும் வரிசையாகச் சொல்வேன். ஆனால் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் செய்கிற அப்பா, "இதால எங்களுக்கு என்ன?" என்று கேட்டால் பதில் இல்லை. பல்கலைக்கழகம் உண்மையில் என்ன செய்யலாம்?

— த., களுவாஞ்சிகுடி

அன்புள்ள த.,

அப்பாவின் வயலிலேயே தொடங்குவோம். மாரியில் வாவி நிரம்பி வயலுக்குள் தண்ணீர் ஏறினால், ஆற்றுவாயை, அதாவது வாவி கடலில் சேரும் இடத்தை அடைத்து நிற்கிற மணல் திட்டை, வெட்டச் சொல்லி விவசாயிகள் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போவார்கள். வெட்டினால் மீனும் இறாலும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும் என்று வாவியில் மீன்பிடிக்கிற தோணிக்காரர்கள் மறிப்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம்தான். வெட்டாவிட்டால் பயிர் அழுகும். நேரம் தப்பி வெட்டினால் வாவியின் உப்பு மாறும், அந்த உவர்நீரில்தான் இறால் குஞ்சு வளர்கிறது. எந்த நீர்மட்டத்தில் வெட்டுவது என்பதற்குக் கணக்கு வேண்டும். கணக்கு இல்லாத இடத்தில் சத்தம் கூடிய பக்கம்தான் வெல்லும்.

அந்தக் கணக்கை வைத்திருக்கப் பல்கலைக்கழகத்தை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. வெளிநாட்டு நிதியில் வருகிற திட்டம் இரண்டு மூன்று வருடத்தில் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விடும். கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 1986இல் பல்கலைக்கழகமானது. போரையும் சுனாமியையும் தாண்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். வாவியில் பாலமீன்மடு முதல் கல்லாறு வரை, ஒவ்வொரு அணியும் அதே இடங்களில் உப்பையும் நீர்மட்டத்தையும் அளந்து அடுத்த அணியிடம் கொடுத்தால், பத்து வருடத்தில் யாரும் தட்ட முடியாத பதிவேடு கிடைக்கும்.

அம்பாறைக் கரையில் உள்ள ஒலுவிலையும் பாருங்கள். துறைமுகத்தின் அலைதடுப்புகள் எழுந்த பிறகு கரையோரமாக வடக்கே நகர்ந்த மணல் மறிபட்டது. துறைமுக வாயில் மணல் சேர்ந்தது, வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கடல் கரையை அரித்தது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அதே ஊரில். அந்தக் கரையை மாதாமாதம் அளக்க அங்கே படிக்கிறவர்களுக்குப் பெரிய செலவே இல்லை.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு விஷயத்தில். வயலில் மண் எடுக்க விட்ட விவசாயி அந்த ஆய்வின் முடிவைப் பெரும்பாலும் காண்பதில்லை. அது ஆங்கிலத்தில் நூலக அலுமாரிக்குள் போய்விடுகிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்களே, அப்போது அவருக்குத் தேவைப்பட்டது தன் வட்டை (வயல்வெளி) மண்ணில் என்ன இருக்கிறது, எது குறைவு என்று தமிழில் எழுதிய ஒரு தாள்.

சரி, உங்களுக்கு இறுதியாண்டு ஆய்வு வரப்போகிறது. தலைப்பு எடுக்க முன்னம் அப்பாவோடு வயல்வெளியின் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிற வட்டவிதானையிடம் போய், போன மாரியில் தண்ணீர் எந்த வரம்பு வரை ஏறியது, எத்தனை நாள் நின்றது என்று கேளுங்கள். அப்புறம் தோணிக்காரர்களிடமும் போங்கள். கிடைக்கிற முடிவைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் வாசியுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், இந்தத் தளத்தில் முழுதாகப் போடுகிறேன்.